ஓடுகிற பாகத்துக்கு ஒரு பொட்டு

மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே, ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் இறங்கினால் எங்கள் லயம். ஒரே தகரக் கூரையின் கீழே வரிசையாக வீடுகள். எங்கள் வீட்டுக்கும் மூக்கம்மாள் அக்கா வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தச் சுவரும் கூரையை எட்டாது. அங்கே தாளித்தால் இங்கே தும்முவோம். இங்கே தும்மினால் அங்கேயிருந்து "நூறு வயசு" என்று குரல் வரும். அக்காவின் மகள் ஆர்த்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவள் என்னைச் சித்தி என்பாள். ரத்த உறவு இல்லை, சுவர் உறவு.

எழுதச் சொன்னது அக்கா. "எம் மக என்னென்ன செஞ்சான்னு எங்கனயாவது இருக்கட்டும். நான் செஞ்சதையும் விடாம எழுது" என்றாள். ஆர்த்தி முதலில் வேண்டாம் என்றாள். அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

ஆர்த்தியின் அப்பா செல்லையா தோட்டத்தில் மருந்தடித்தவர். முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு களைக்கும் பூச்சிக்கும் அடிப்பார். மகள் ஆறாவது படிக்கும்போது, நெஞ்சு கனக்கிறது என்று வாசற்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா கிள்ளிய கொழுந்தில்தான் அந்த வீடு நின்றது. ஆர்த்தி தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து, மூணாறில் படித்து, பிறகு தேனிப் பக்கம் போய் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தாள். அப்பா அடித்த மாதிரி மருந்துகள் வெயிலிலும் மழையிலும் எப்படி உடைகின்றன, உடைந்து என்னவாகின்றன என்று பார்ப்பதுதான் அவள் ஆசை. "அத வச்சு அப்பாவத் திருப்பிக் கொண்டாரவா போற?" என்று அக்கா ஒரு தடவை கேட்டிருக்கிறாள். "இல்லம்மா, தெரிஞ்சுக்கிறதுக்கு" என்றாளாம்.

எங்கள் லயத்து வீடு எங்களுக்குச் சொந்தம் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஒருவர் தோட்டத்தில் வேலை பார்க்கிறவரை வீடு உண்டு. அவர் ரிட்டயர் ஆனால், குடும்பத்திலிருந்து இன்னொருவர் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அக்காவுக்கு அந்த வருடம் டிசம்பரோடு வேலை முடிகிறது. ஆர்த்திக்கு ஆராய்ச்சிப் படிப்பில் இடம் கிடைத்து உதவித்தொகையும் வந்தால், மலைக்குக் கீழே ஒரு அறை எடுத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். கிடைக்காவிட்டால் அவள் கொழுந்துக்குப் பேர் கொடுக்க வேண்டும். மூன்றாவது வழி என்று ஒன்று இல்லை.

இடம் ஒன்று இருந்தது. கீழே ஒரு பல்கலைக்கழகத்தில் டின்சி மேடம் என்பவரிடம். நல்ல மனுஷி; போனில் ஆர்த்தியைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு வேண்டியது மருந்து கலக்கிப் பார்க்கிற ஆள் இல்லை. கம்ப்யூட்டரிலேயே அணுக்களை நிறுத்தி, எது எதை இழுக்கும், எங்கே முறியும் என்று கணக்குப் போடுகிற ஆள். அங்கே உள்ள பெரிய கம்ப்யூட்டரைத் தொட ஆர்த்தி இன்னும் சேர்ந்த மாணவி ஆகவில்லை. அதனால் ஆய்வகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் கொடுத்து, "இதில் நீயே எல்லாவற்றையும் கட்டி, ஒரு கணக்கை ஓட்டிக் காட்டு. நவம்பர் முடியும் முன்னே காட்டினால் உனக்கு இடம் கொடுக்கச் சொல்லி எழுதுகிறேன்" என்றாராம். இன்னொரு பையனுக்கும் அதையே சொல்லியிருந்தார். அதையும் மறைக்காமல் சொன்னார்.

கட்டுவது என்றால் என்ன என்று நான் கேட்டேன். ஆர்த்தி எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். கடையில் தூள் பாக்கெட் வாங்கி வருகிறோம், அது ஒரு விதம். இது அப்படி இல்லை. கொழுந்தை மூட்டையாகக் கொடுத்துவிடுவார்கள். அதை வாட்டி, அரைத்து, புளிக்க வைத்து, வறுத்து நம் வீட்டிலேயே தூளாக்க வேண்டும். விஞ்ஞானிகள் எழுதிய மென்பொருள் காசில்லாமல் கிடைக்கும். ஆனால் எழுத்தாகத்தான் கிடைக்கும். அந்த எழுத்தை இந்தக் கம்ப்யூட்டருக்குப் புரிகிறபடி மாற்றிக் கட்டுவதற்கு வேறொரு மென்பொருள் உண்டு. கம்பைலர் என்று பெயர். பெட்டிக்குள் இருந்ததும் கடைகளில் இருக்கிற விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அதில் படத்தை அமுக்கினால் வேலை நடக்காது. ஒவ்வொன்றையும் கட்டளையாக எழுத வேண்டும்.

ஆவணி கடைசியில் பெட்டி லயத்துக்கு வந்தது. ஜீப்பில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து அவள் பட்ட பாட்டை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறேன். இதைக் கட்டப் போனால் அது வேண்டும் என்று சொல்லும். அதைக் கொண்டுவந்தால், அதற்கு முன்னே இன்னொன்று வேண்டும் என்னும். அதையும் கொண்டுவந்தால், இது புதுசு, எனக்குப் பழசுதான் வேண்டும் என்று நிற்கும். எங்கள் ஆட்கள் சாதிச் சான்றுக்கு வில்லேஜ் ஆபீஸ் போன கதைதான். தாத்தா இங்கே இருந்ததற்குக் காகிதம், அவர்கள் பாஷையில் கடலாசு, கொண்டா. தாத்தாதான் உன் தாத்தா என்பதற்குக் கடலாசு கொண்டா. அந்தச் சான்று ஆர்த்திக்கும் கடைசிவரை கிடைக்கவில்லை. அதனால்தான் வேறு உதவித்தொகை எதற்கும் அவளால் எழுதிப்போட முடியவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் கேட்ட கடலாசுகளை ஒவ்வொன்றாக அவள் கொண்டுவந்து கொடுத்தாள். சிக்னலுக்காக மேட்டுப் பாறைக்கு ஏறிப் போய், போனில் இறக்கிக்கொண்டு வருவாள். புரட்டாசிக்குள் சின்னச் சின்னப் பாகங்கள் எல்லாம் கட்டி முடிந்துவிட்டன. நடுவில் உள்ள பெரிய மென்பொருள் மட்டும்தான் பாக்கி.

கட்டும்போது திரையில் வெள்ளை எழுத்து ஓடும். அக்கா வேலை முடிந்து வந்து, காலைக் கழுவிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"என்னடி, சும்மா எழுத்தா ஓடிக்கிட்டே கெடக்கு?"

"ஓடுனாத்தாம்மா நல்லது. நின்னாத்தான் சங்கடம்."

ஆயுத பூசை வந்தது. எங்கள் தோட்டத்தில் அது பெரிய நாள். ஃபாக்டரியை நிறுத்தி, அரைக்கிற உருளை, பெல்ட், சக்கரம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைப்பார்கள். மிஷினுக்குப் பூசை வைப்பதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. முதல் பொட்டு ஓடுகிற பாகத்துக்குத்தான். கைபட்டுப் போவதும் கால்பட்டுப் போவதும் சுற்றுகிற இடத்தில்தானே. அந்த இடத்தைச் சாமி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வைப்பது. மேலே இருக்கிற மூடிக்கு மட்டும் பொட்டு வைத்தால், எங்கள் ஆட்கள் அதைப் பூசை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அன்று காலையில் நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். கொழுந்துக் கத்தரி, அரிவாள், ஆர்த்தியின் புத்தகங்கள் எல்லாம் சாமி படத்துக்கு முன்னே இருந்தன. அக்கா சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரிடம் வந்தாள்.

"எங்கடி இதுல ஓடுற எடம்?"

"பின்னாடி ஒரு காத்தாடி இருக்கும்மா" என்று ஆர்த்தியே மேசையைச் சுவரிலிருந்து இழுத்துக் காட்டினாள். பெட்டியின் முதுகில் ஒரு கம்பி வலை, அதற்குள்ளே சின்னக் காற்றாடி. கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பாகத்தைக் குளிர வைப்பதற்காக அது என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

"அப்ப அதுக்குத்தான் மொதப் பொட்டு."

வலைக்குள் விரல் போகவில்லை. அக்கா புது விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி, அதன் நுனியில் சந்தனத்தை எடுத்து, காற்றாடியின் ஒவ்வொரு இதழுக்கும் வைத்தாள். நடுக்குமிழுக்கு ஒரு பெரிய பொட்டு. அதன்மேல் குங்குமம். கடைசியில் திருநீற்றை உள்ளங்கையில் வைத்து, மூலஸ்தானத்தில் பூசாரி ஊதுவதுபோல வலை வழியாக உள்ளே ஊதிவிட்டாள்.

"அளவா வைம்மா" என்றாள் ஆர்த்தி, சிரித்துக்கொண்டே.

"சாமி காரியத்துல என்னடி அளவு."

சூடத்தை ஏற்றிச் சுற்றிக் காட்டியது ஆர்த்திதான். நான் தொட்டுக் கும்பிட்டேன். அன்று முழுக்க அதைத் தொடவில்லை. மறுநாள் விஜயதசமி, புதிதாகத் தொடங்குவது எல்லாம் விளங்கும் நாள். நல்ல நேரம் பார்த்து, அந்தப் பெரிய மென்பொருளைக் கட்டத் தொடங்கினாள். காற்றாடி ஒரு தடவை முனகியது. அப்புறம் சத்தமே இல்லை. முன்பெல்லாம் அது இரைகிற இரைச்சல் எங்கள் வீடுவரை கேட்கும்.

"பாத்தியா, பூசை வச்சதும் சத்தமில்லாம ஓடுது" என்று அக்கா சுவருக்கு மேலே எனக்குச் சொன்னாள். நானும், ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்றேன்.

அன்று மத்தியானத்துக்குள் அது விழுந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த எழுத்து நின்று, கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி. கட்டிக்கொடுக்கிற கம்பைலரே இடறி விழுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமாம். ஆர்த்தி கட்டளையைச் சரிபார்த்து மறுபடி தொடங்கினாள். இன்னொரு இடத்தில் விழுந்தது. மறுபடி. வேறோர் இடம். சில நேரம் பெட்டியே அணைந்துபோகும்.

அவள் முதலில் தன் கட்டளையில்தான் தப்பு என்று நினைத்தாள். எழுதியதை எல்லாம் அழித்துத் திரும்ப எழுதினாள். பிறகு கம்பைலர் ரொம்பப் புதுசு, பழசு வேண்டும் என்று நினைத்தாள். பழைய கம்பைலரையும் எழுத்திலிருந்துதான் கட்ட வேண்டும். அதைக் கட்டப் போனால் அதுவும் பாதியில் விழுந்தது. பிறகு கரண்டுமேல் சந்தேகம் வந்தது. கரண்டு எடுக்கிற பவர் ஹவுசுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் எங்கள் லயத்துக்கு வரும் கரண்டு சாயங்காலமானால் சோர்ந்துபோகும். எங்கள் டிவிக்கு இருந்த ஸ்டெபிலைசரைக் கழற்றிக் கொடுத்தேன். அப்புறம் நினைவு வைத்துக்கொள்கிற பாகம் சரியில்லையோ என்று பெட்டியின் பக்கவாட்டைத் திறந்து, அந்தச் சின்னப் பலகையைக் கழற்றி, ரப்பரால் துடைத்து மாட்டினாள். பக்கவாட்டைத் திறந்தாலும் அந்தக் காற்றாடி தெரியாது; கரண்டுப் பாகம் தகரப் பெட்டிக்குள் தனியாக மூடியிருக்கும். வெளியே இருந்து பார்க்கலாமென்றால், பெட்டியின் முதுகு சுவரைப் பார்த்து இருந்தது.

காலையில் தொடங்கினால் கொஞ்சம் கூடுதல் தூரம் ஓடும். அதை அக்கா கவனித்துவிட்டாள். காலையில் விளக்கேற்றுவதால்தான் ஓடுகிறது என்று, பெட்டிக்கு முன்னால் தனியாக ஒரு விளக்கு, பத்தி, செவ்வாய் வெள்ளி சாம்பிராணி என்று தொடங்கினாள். இரவு முழுக்க அணைந்து கிடந்து ஆறியதால் கூடுதல் நேரம் தாங்கியிருக்கிறது என்று இப்போது தெரிகிறது. அப்போது எங்களுக்கு விளக்குதான் தெரிந்தது.

உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கிறவர்கள் இப்படிப்பட்ட சந்தேகங்களுக்குப் பதில் எழுதுவார்களாம். பாறைமேல் போய் ஆர்த்தியும் எழுதிப் போட்டாள். ஒருவர் நன்றாகவே பதில் எழுதியிருந்தார். ஒரே இடத்தில் விழுந்தால் எழுத்தில் தப்பு. இடம் மாறி மாறி விழுந்தால் மிஷினில் தப்பு. எங்காவது சூடாகிறதா பார் என்று. அதைப் படித்துக் காட்டிவிட்டுச் சிரித்தாள்.

"இங்கன சூடா சித்தி? தேங்காயெண்ண கல்லாக் கெடக்கு."

ஆனாலும் பார்த்தாள். நடுச் சிப்பின் சூட்டைத் திரையிலேயே பார்க்க வழி உண்டு. அது சரியாகத்தான் இருந்தது. கரண்டுப் பாகத்தின் சூட்டை அந்தப் பெட்டி காட்டாது. பெட்டியின் மேலே கையை வைத்தால் பாறையைத் தொட்டதுபோல ஜில்லென்று இருக்கும். குளிரில் விறைத்துக் கிடக்கிற ஊரில், ஒரு மிஷின் சூடு தாங்காமல் விழுகிறது என்று யாருக்குத் தோன்றும்?

ஷிஜுவைக் கூப்பிட்டோம். அடிமாலியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஆள். வருகிறேன் என்றவர், ஐப்பசி மழையில் ரோட்டில் மண் இறங்கியதால் வரமுடியவில்லை. ரோடு திறந்தபின் வேறு வேலை என்றார். இன்று, நாளை என்று கார்த்திகை பிறந்துவிட்டது.

அந்த நாட்களில் ஆர்த்தியின் முகத்தைப் பார்க்க முடியாது. தலை சீவ மாட்டாள். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருப்பாள், கை காய்ந்துவிடும். கோயிலுக்கு விளக்குப் போட நான் போகும்போது கூட வருவாள். வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கேட்டாள்.

"சித்தி, எல்லாருக்கும் ஓடுது, எனக்கு மட்டும் ஓடல. அப்ப நாந்தான் சரியில்லன்னு அர்த்தம்?"

"அப்படிச் சொல்லாதடி."

"மார்க்கெல்லாம் மனப்பாடம் பண்ணி வாங்குனதுதான் போல. கையில எடுத்துச் செய்யச் சொன்னா வரல."

அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொள் என்றேன். நேர்ந்துகொண்டாள்.

நவம்பர் முடிந்தது. டின்சி மேடத்துக்கு ஆர்த்தியே போன் செய்து, ஓடவில்லை என்று சொன்னாள். மேடம் கோபப்படவில்லை. இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். அந்த இன்னொரு பையன் கணக்கைக் காட்டிவிட்டான். பிறகு அவர் கூப்பிட்டு, என்னால் இதற்குமேல் பிடித்துவைக்க முடியவில்லை குட்டி என்றாராம். ஆர்த்தி, பரவாயில்லை மேடம், உங்கள் நேரத்தை வீணாக்கிவிட்டேன் என்று சொன்னது எங்கள் வீட்டில் கேட்டது.

ஷிஜு வந்தது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இனி வந்து என்ன என்று ஆர்த்தி உள்ளேயே இருந்துவிட்டாள். பெட்டி பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போக வேண்டியது, கெட்டுப்போனதாகக் கொடுக்கக் கூடாது என்று அக்காதான் அவரை உள்ளே கூப்பிட்டாள். அவர் போட்டுப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். பெட்டியைத் திருப்பிக் கரண்டுப் பாகத்தைக் கழற்றி, அதன் தகரத்தைத் திறந்தார். பேப்பரை விரித்துத் தட்டினார். மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாகப் பொடி கொட்டியது. காற்றாடி காய்ந்த சந்தனத்தில் இறுகி நின்றிருந்தது. விரலால் தள்ளினாலும் சுற்றவில்லை.

"எந்தா இது? கம்ப்யூட்டரா, பழனி மலையா?" என்று சிரித்தார். சிரித்தது அவர் மட்டும்தான்.

அக்கா அந்தப் பேப்பருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்தனத் துணுக்கு ஒன்றை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தாள்.

"இது நான் வச்ச பொட்டா?"

ஆர்த்தி உள்ளேயிருந்து வந்து நின்றாள். பேப்பரைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் அந்த நொடியில் விளங்கிவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனால் சொன்னது வேறு.

"அதெல்லாம் இல்லம்மா. அது பழைய பெட்டி. எப்பவோ போகவேண்டியது."

ஷிஜுவுக்கு எதுவும் தெரியாது, பாவம். "பழசு எல்லாம் சரி, ஆனா நல்ல சாதனமாக்கும். இந்த ஃபேன் சுத்தாததுதான் பிரச்சினை. சூடாகி உள்ளே வோல்டேஜ் ஆடும். அது ஆடினா கம்ப்யூட்டர் தோணிய இடத்தில் விழும். வேற ஒரு கேடும் இல்ல" என்றார். புதுக் காற்றாடி மாட்டி, போட்டுக் காட்டினார். இரைந்தது. பழைய இரைச்சல்.

அவர் போன பின் ஆர்த்தி உட்கார்ந்து ஒரே ஒரு கட்டளை எழுதினாள். எழுத்து ஓடத் தொடங்கியது. மறுநாள் நான் வேலைக்குப் போகும்போதும் ஓடியது, வந்தபோதும் ஓடியது. எங்கேயும் விழவில்லை. முடிந்ததும் என்ன சொல்லும் என்று எதிர்பார்த்து அக்காவும் நானும் நின்றோம். அது ஒன்றுமே சொல்லவில்லை. அடுத்த கட்டளைக்காகக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது. எல்லாம் சரியாக முடிந்தால் அது எதுவும் சொல்லாதாம். தப்பு என்றால்தான் பேசுமாம்.

மாதிரிக் கணக்கை ஓட்டினாள். விடை வந்தது. சரியான விடை. இரண்டரை மாதமாக அவள் எழுதிய எந்தக் கட்டளையிலும் தப்பு இருக்கவில்லை. விஜயதசமி அன்று முதலில் எழுதியதே போதுமானதாக இருந்திருக்கிறது.

விடையை டின்சி மேடத்துக்கு அனுப்பினாள். அன்றைக்கே பதில் வந்தது. ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறாய், இந்த வருட இடம் போய்விட்டது, அடுத்த வருடம் மறுபடி எழுதிப் போடு, இடம் வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்று. அடுத்த வருடம்வரை அவர்களுக்கு வீடு எங்கே இருக்கிறது? அது மேடத்துக்குத் தெரியாது. ஆர்த்தியும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்த பேச்சு இது.

"வீட்டக் குடுத்துருவோம்டி. போடியில எந் தம்பி வீட்டு ஓரமா ஒதுங்கிக்கிறேன். நீ போயிப் படி."

"எங்க போயிம்மா? இப்ப எடமில்ல. அடுத்த வருசமும் இருந்தா உண்டு, இல்லாட்டி இல்ல."

"அதுவரைக்கும் வேற எதாச்சும் வேல பாரு."

"அத வச்சு நான் எங்கனயாவது கெடப்பேன். நீ மாமா வீட்டுல மாட்டுத் தொழுவத்துல கெடப்பியா? அத்தை ஒரு நாளு ஒன்ன வச்சுச் சோறு போட்டிருக்கா?"

பிறகு அக்கா, "இந்தக் கைய வெட்டிப் போடணும்" என்றாள்.

"அந்தக் கைதானம்மா என்னப் படிக்க வச்சுச்சு" என்றாள் ஆர்த்தி. அதற்குப் பிறகு அழுதது யார் என்று எனக்குப் பிரித்துத் தெரியவில்லை.

மறுநாள் கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு நான் அம்மனிடம் கேட்டேன். உனக்கு வைத்த சந்தனம்தானே தாயே, அந்தக் காற்றாடி நின்றபோது ஒரு சத்தமாவது போட்டிருக்கலாமே என்று. எனக்குச் சாமிமேல் குறை சொல்லிப் பழக்கமில்லை. அன்று கேட்டுவிட்டேன். திரும்பி வருகிற வழியெல்லாம், கேட்டது தப்பு என்றும் தோன்றவில்லை, பதில் வரும் என்றும் தோன்றவில்லை.

டிசம்பர் கடைசியில் மூன்று பேரும் தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். புதுப் பேர் கொடுக்கும்போது தோட்டத்தில் வேலை பார்க்கிற ஒருவர் கூட நிற்க வேண்டும், அதற்காக நான். ஆபீசில் டின்டு சார் இருந்தார். கோட்டயத்துப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். எங்களில் யாரையும் அவருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே மலையாளத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். பேர், வயசு, அப்பா பேர், எந்த லயம். ஆர்த்தி நின்றுகொண்டே பதில் சொன்னாள். அவருடைய மிஷின் நடுவில் ஒரு தடவை நின்றுபோனது. அவர் தலையில் தட்டிக்கொண்டு எதையெதையோ அமுக்கினார். என்ன செய்ய வேண்டும் என்று ஆர்த்திக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதுவரைக்கும் படிச்சது என்று கேட்டார்.

"பத்து" என்றாள்.

அக்கா வாயைத் திறந்தாள். ஆர்த்தி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அக்கா வாயை மூடிக்கொண்டாள். டின்டு சார் பத்து என்று அடித்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் பேர் கூப்பிடுகிற மஸ்டருக்கு வந்துவிடச் சொன்னார். வீடு மகள் பேருக்கு மாறிவிடும், பயப்பட வேண்டாம் என்று அக்காவுக்குத் தனியாகச் சொன்னார். நல்ல மனுஷர்தான்.

இறங்கி வரும்போது தேயிலைக்கு நடுவில் பாதை ஒற்றையடி. ஆர்த்தி முன்னே, அக்கா நடுவே, நான் பின்னே. பனி இறங்க ஆரம்பித்திருந்தது. ரொம்ப தூரம் வந்த பிறகு அக்கா கேட்டாள்.

"ஏன்டி பத்துன்னு சொன்ன?"

"அதுக்கு மேல சொன்னா, பெறகு ஏன் இங்கன வர்றன்னு கேப்பாகம்மா."

"கேட்டா?"

"கேட்டா என்னத்தச் சொல்ல?"

அக்கா பாதை ஓரத்தில் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். நின்றதைப் பார்க்காத மாதிரி ஆர்த்தி மெதுவாக நடந்தாள்.

திங்கட்கிழமை காலையில் நான் அவளைக் கூப்பிடப் போனபோது, அக்கா வாசலில் மண்டியிட்டு, கொழுந்துக்குப் போகிறவர்கள் இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் சீலையை மகளுக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். அது அக்காவின் அளவுக்கு வெட்டியது. கயிறு மிஞ்சியது. அக்கா அதை இன்னொரு சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.